எட்டு மணி ரீடிங்

…ஆணியில் நூலை மாட்டிக் கையை எடுத்தாயிற்று, இனித் தொடக்கூடாது, தொட்டால் கைச்சூடு ஏறும், பக்கத்தில் நின்றால் மூச்சுச்சூடு ஏறும், பாதரசத்துக்கு ஆளும் அடுப்பும் ஒன்றுதான், அரைமணி நேரம் அதன் பாட்டில் தொங்க வேண்டும், அப்போதுதான் புது இடத்துக் காற்றோடு ஒத்துப்போகும், ஏழு இருபத்தெட்டுக்கு மாட்டினது, எட்டு மணிக்குச் சரியாக இருக்கும்… என்று கணக்குப் போட்டபடியே சீவரத்தினம் அந்த அறையை விட்டுப் பின்னால் நடந்தே வெளியே வந்தார், கோயில் சந்நிதியிலிருந்து வருகிறவரைப்போல முதுகைக் காட்டாமல். ஏன் அப்படி நடந்தோம் என்று கூடத்துக்கு வந்த பிறகுதான் யோசித்தார். சாமி கும்பிடுகிற ஆளும் இல்லை அவர். பிரிக்பீல்ட்ஸ் சந்து ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலில் கிடந்தது, பக்கத்தில் பெரிய ரயில் நிலையம் கட்டுகிறவர்கள் தினமும் காலையில் தொம், தொம் என்று தூண் அடித்து வீட்டையே ஆட்டுவார்கள், இன்றைக்கு அதுவும் இல்லை, அதற்காகவேதான் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார், ஆட்டம் இல்லாத நாள், யாரும் பிறகு வந்து அதிர்வு, அது இது என்று சாக்குச் சொல்லக்கூடாது.

இரண்டு தெர்மாமீட்டர், வெள்ளைப் பெயிண்டில் ஒன்று, இரண்டு என்று அவர் கையாலேயே எழுதியது, நான்கு மாதமாக ஒன்றாம் நம்பர் கூடத்தில், இரண்டாம் நம்பர் பூரணத்தின் அறையில், இன்றைக்குத்தான் இடம் மாற்றியிருக்கிறார், ஒன்று அறைக்குப் போயிற்று, இரண்டு கூடத்துக்கு வந்தது. அவ்வளவுதான் விஷயம். மனைவி பூரணம் செத்துப்போன அறை மற்ற வீட்டைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்ந்து கிடப்பது மெய்யா, இல்லை இரண்டாம் நம்பர்க் குழாய்க்குத்தான் கோளாறா? அறை மெய்யாகவே குளிர்கிறதென்றால் இப்போது அங்கே தொங்கும் ஒன்று இறங்கும். கருவிக் கோளாறு என்றால் கூடத்துக்கு வந்தாலும் இரண்டு இறங்கியே நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற சோதனை. முப்பத்தொரு வருஷம் வானிலை அலுவலகத்தில் கருவிகளோடு குப்பை கொட்டியவருக்கு இது தோன்றாமலா இருந்தது? தோன்றியது, முதல் வாரமே தோன்றியது, செய்யவில்லை. கிள்ளானில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் தனலெட்சுமி, நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை, மூன்று வாரத்துக்கு முன் அவருடைய இணையப் பக்கத்தின் விருந்தினர் ஏட்டில் இரண்டே வரி எழுதியிருந்தாள். ‘சார், ரெண்டு தெர்மாமீட்டரையும் மாத்தி வச்சுப் பாத்தீங்களா? பாக்கலைன்னா ஏன் சார் பாக்கல?’ முதல் வரிக்கு ஆயிரம் பதில் சொல்லலாம். இரண்டாவது வரிதான் செருப்புக்குள் போன கல், மூன்று வாரமாக அதை வைத்துக்கொண்டே நடந்தார். கடைசியில் ரோஷம் வந்து, ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாற்றிப் பார்த்து எழுதுகிறேன் என்று போட்டுவிட்டார். போட்ட பிறகு பின்வாங்க முடியுமா?

ஏழு முப்பத்தாறு. இன்னும் இருபத்துநான்கு நிமிஷம். நாற்காலியில் உட்கார்ந்தார், கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடக்கிறது, அந்தத் துணி பூரணம் தைத்தது, தூசி படுமாம்… இதெல்லாம் எதில் தொடங்கிற்று? ஓய்வு பெற்று மூன்று வருஷம் சும்மா இருந்தவரை மகள் இராசேஸ்வரிதான் பிடித்து இழுத்துவிட்டாள், சுபாங் ஜெயாவிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து, மோடம் என்றால் என்ன, லிங்க் என்றால் என்ன என்று மூக்குக்கண்ணாடிக்குள் புகுந்து சொல்லிக்கொடுத்தாள், “அப்பா, உங்களுக்குத் தெரிஞ்ச சயன்ஸை எல்லாம் தமிழ்ல எழுதுங்கப்பா, யாரு லா எழுதுறா இப்போ?” என்றாள். அப்படித்தான் தொண்ணூற்றேழாம் வருஷம் ‘எட்டு மணி வானம்’ பிறந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, எழுத்துருவை இறக்கிக்கொண்டு படிக்கவும், இல்லாவிட்டால் எல்லாம் கொக்கி கொக்கியாகத் தெரியும் என்று. கொக்கியைப் படிக்கவும் ஆள் வரவில்லை. கோலாலம்பூரில் மட்டும் ஏன் பின்னேரம் நாலு மணிக்கு மழை பிடிக்கிறது, இடி ஏன் மின்னலுக்குப் பிந்தி வருகிறது, வானம் ஏன் நீலம்… எழுதி எழுதி மாதம் முடிய, வந்து பார்த்தவர் எண்ணிக்கை நாற்பத்தொன்று என்று காட்டியது, அதில் முப்பது அவரே திறந்து பார்த்தது. “மிச்சப் பதினொண்டு ஆர்?” என்று பூரணம் கேட்டாள், சிரிக்காமல் கேட்டாள், அவளுக்குச் சிரிப்பு வந்தால் முகம் மரமாகிவிடும்.

எட்டு மணி என்று ஏன் பெயர் வைத்தார்? அதுதான் உலகத்தின் மணி. இங்கே காலை எட்டு, லண்டன் கணக்கில் நள்ளிரவு பூஜ்யம், அந்த நிமிஷத்தில் பூமி முழுக்க, பனிக்கட்டித் தீவிலும் பாலைவனத்திலும் கப்பலிலும், ஒவ்வொரு வானிலை ஆளும் ஒரு பெட்டியைத் திறந்து ஓர் எண்ணைப் படிக்கிறான், எல்லாரும் ஒரே கணத்தில் பார்த்தால்தான் வானம் ஒரே வானமாகும், ஐந்து நிமிஷம் தப்பினால் அது வேறு வானம். இதை நினைக்கும்போது இளவயதில் அவருக்கு மயிர்க்கூச்செறியும். ஓய்வு பெற்ற பிறகும் பின்வாசல் முற்றத்தில் மழைமானி நட்டு, எட்டு மணிக்குப் போய் நின்று, குறித்துக்கொண்டுதான் வந்தார். சம்பளம் நின்றுபோயிற்று, கால் நிற்கவில்லை.

பிறகு அந்த வருஷமே புகைமூட்டம் வந்தது. எங்கோ காடு எரிந்து சூரியன் தக்காளிப்பழமாகத் தொங்கிற்று, பட்டப்பகலில் லோரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின, சனங்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பார்வைத் தூரத்தை அளக்க அலுவலகத்தில் ஒரு வழி உண்டு, தெரிந்த தூரத்தில் உள்ள கட்டடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு எது வரைக்கும் தெரிகிறது என்று பார்ப்பது. சந்து முனைக்குப் போய் நின்றால் கே.எல். டவர் தெரியும். டவர் தெரிகிறது, பாதி தெரிகிறது, தெரியவில்லை, இந்த மூன்றில் ஒன்றைத் தினமும் போட்டார், வானம் ஏன் நீலம் என்று படிக்க வராத கூட்டம் டவர் தெரிகிறதா என்று பார்க்க வந்தது. கிள்ளானிலிருந்து தனலெட்சுமி முதன்முதல் எழுதியது அப்போதுதான், பிள்ளைகளைத் திடலில் விடலாமா சார் என்று. விடவேண்டாம் என்று எழுதினார். அன்றைக்கு வந்த பெருமை இருக்கிறதே, அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் வராத பெருமை. அடுத்த வருஷம் குழாய்த் தண்ணீர்ப் பஞ்சம், முறை வைத்து அடைத்தார்கள், பக்கம் மழையளவுக்கு மாறிற்று, மழை வந்தால் வாழ்த்து, வராவிட்டால் திட்டு, மழையை அவர்தான் பூட்டி வைத்திருப்பதுபோல. முனைச் சாப்பாட்டுக்கடை ஜபருல்லா வாளியோடு நின்றபடி, “என்னா அங்கிள், ரெண்டு மில்லிமீட்டருங்கிறது ஒரு வாளிக்குக் காணுமா?” என்று கேட்டான். இப்படியாக வானத்தில் தொடங்கியது டவருக்கு வந்து, டவரிலிருந்து முற்றத்துக்கு வந்து… ஒவ்வொரு தடவையும் ஒரு படி கிட்ட வந்திருக்கிறது. யார் கிட்ட வந்தார்கள்? அவரா, அதுவா?

ஏழு நாற்பத்தேழு. அறைக் கதவு திறந்தேதான் இருக்கிறது, மூடினால் காற்றோட்டம் மாறும், திரைச்சீலை அசையவில்லை. கடந்த பெப்ரவரியில் பூரணம் போனாள். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று சாவுச் சடங்கெல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்று உறவுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்கள், அவர் எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லத் தெம்பில்லை. உடல் கிடந்த இடத்தில் முப்பத்தோராம் நாள் வரைக்கும் விளக்கு எரிந்தது, அணையவிடக்கூடாதாம், எண்ணெய் விடுவது அவர் வேலை. இரண்டாம் வாரம், எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்போதே, மூளையின் பாழாய்ப்போன பாகம் ஒன்று கேட்டது, ஒரு விளக்கு ஓர் அறையை எவ்வளவு சூடாக்கும்? வேறு யாராவது இப்படிக் கேட்பார்களா? அழவேண்டிய ஆள் அளந்தார். பெட்டியிலிருந்து இரண்டு தெர்மாமீட்டரையும் எடுத்து, ஒன்றைக் கூடத்திலும் ஒன்றை அறையிலும் மாட்டினார். அறை கூடத்தைவிடப் புள்ளி நான்கு கூடுதல். திரியின் தடிப்பு, எண்ணெய், கதவு, எல்லாம் போட்டு ஒரு பக்கம் எழுதினார், அழகான பக்கம், இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்றத் தோன்றவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து விளக்கை எடுத்தார்கள். விளக்கு போனால் வித்தியாசம் பூஜ்யமாகவேண்டும் அல்லவா? மறுநாள் காலை அறை கூடத்தைவிடப் புள்ளி இரண்டு குறைவு. அடுத்த வாரம் புள்ளி ஐந்து. சித்திரை பிறந்தபோது புள்ளி ஒன்பது, அதிலேயே நின்றுவிட்டது. அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார், ஒரு சொல் கூட்டவில்லை, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்த இடத்தில் நானூறு பேர். டொரொண்டோவில் இருந்து ஒருவர், சுங்கை பூலோவில் இருந்து ஒரு குடும்பம், எங்கள் வீட்டுக்கும் வந்து அளந்து தாருங்கள் ஐயா, பெரியவர் போனதிலிருந்து மாடிப்படியில் யாரோ… என்று. மல்லிகைப் பூ வையுங்கள் என்றார்கள், பிடித்த பலகாரம் வையுங்கள் என்றார்கள், வீட்டை விற்றுவிட்டுப் போங்கள் என்றார்கள். யாரும் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. மூடநம்பிக்கையை ஒழிக்கத் தொடங்கிய பக்கம், அதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் தினமும் எண் போட்டார். ஜபருல்லா மட்டும் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, “எங்க வாப்பா மவுத்தான ரூமுல எங்களுக்குச் சூடும் தெரியல, குளிரும் தெரியல. உங்க வீட்டு ஓட்டுல எங்கியோ ஓட்டை லா, அங்கிள், ஆளு விட்டுப் பாருங்க” என்றான். ஏறிப் பார்த்தார், ஓட்டை இல்லை. போன வாரம் இராசேஸ்வரி தொலைபேசியில் அழுதாள். “அம்மா ரூமைப் பத்தி எழுதுறதை நிப்பாட்டுங்கப்பா. ஆஃபீஸ்ல ஒருத்தி பிரிண்ட் எடுத்து வச்சிருக்கா, தெரியுமா? ப்ளீஸ்பா.” “நான் டெம்பரேச்சர்தானே எழுதுறன், பிள்ளை” என்றார். “அம்மா நித்திரையிலேயே போனாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, நிம்மதியா போனவங்க ஏம்பா…” என்று அவள் பாதியில் நிறுத்தினாள்.

நித்திரையிலேயே போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும், தன்னிடமாவது. அன்றைக்கும் காலை, அன்றைக்கும் எட்டு மணி, முற்றத்தில் மழைமானிக் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி நின்றார், ராத்திரி பெய்த மழை மூன்று புள்ளி இரண்டு, அப்போது அறைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள். “இஞ்சருங்கோ… ஒருக்கா வாங்கோ.” சத்தமாகக்கூட இல்லை. அவளுக்கு முழங்கால் வலி, எழும்பக் கை கொடுக்கக் கூப்பிடுவது வழக்கம்தான். அவர் சொன்னார், “பொறும், எட்டு மணியாகுது, எழுதிப்போட்டு வாறன்.” எழுதினார். மூன்று புள்ளி இரண்டு, அடியில் கோடு, நேரம், கையெழுத்து, வீட்டில் கையெழுத்து யாருக்கு? தண்ணீரை ஊற்றிவிட்டுக் குழாயைத் துடைத்துக் கவிழ்த்துவைத்தார், மானியின் வாயில் கிடந்த ஒரு வேப்பிலையைக்கூட எடுத்தார். நான்கு நிமிஷம், அல்லது ஐந்து. போனபோது அவள் கட்டில் விளிம்பில் பாதி எழுந்த வாக்கில் சுவரில் சாய்ந்திருந்தாள், ஒரு கை முன்னால் நீட்டியபடி. அந்தக் கையை மடித்து, படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் மகளுக்குத் தொலைபேசி செய்தார், நித்திரையிலேயே போயிட்டா என்று. டாக்டர், அப்போதே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். டாக்டருக்கு என்ன தெரியும், அவள் கூப்பிட்டதை அவர் கேட்கவில்லையே.

ஏழு ஐம்பத்தைந்து. ஆக இன்றைக்கு அவருக்கு என்ன வேண்டும்? கருவிக் கோளாறு என்று வந்தால் மகள் சிரிப்பாள், தனலெட்சுமி சந்தோஷப்படுவாள், அறிவியல் வென்றது என்று ஒரு பக்கம் எழுதலாம், ஆனால் அந்த அறை வெறும் அறையாகிவிடும், நான்கு மாதமாக அவர் காலையில் போய் நின்ற இடத்தில் யாருமே இல்லை என்றாகிவிடும். அறைதான் குளிர்கிறது என்று வந்தால் அவள் இருக்கிறாள், இருந்தால் அந்த ஐந்து நிமிஷமும் இருக்கிறது, அவள் அதை மறந்திருக்கவா போகிறாள்? இரண்டில் எது வேண்டும் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால்… அவள் வேண்டும். கோபத்தோடு இருந்தாலும் சரி, அவள் வேண்டும். நினைத்த மாத்திரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், கலங்கின கண்ணோடு டிகிரியில் பத்தில் ஒன்றைப் படிக்க முடியாது.

ரேடியோவைத் திருகினார், தமிழ்ச் செய்திக்கு முன்னால் மணி அடிக்கும். ஏட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, வழக்கம்போல் கூடத்துத் தெர்மாமீட்டருக்கு முன்னால் போய் நின்றவர், நின்ற பிறகுதான் கவனித்தார், இது இரண்டு. அலுவலக முறைப்படி ஒன்றாம் நம்பர்க் கருவியைத்தான் முதலில் படிக்கவேண்டும், எங்கே தொங்கினாலும் ஒன்றுதான் முதலில், முறை மாறினால் ஏட்டில் கட்டம் மாறும், கட்டம் மாறினால் எல்லாம் போச்சு. ஒன்று அவளுடைய அறையில் இருக்கிறது. அப்படியென்றால் எட்டு அடிக்கும்போது அங்கே நிற்கவேண்டும். முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது காலை எட்டு மணிக்கு அந்த அறையில் நின்றிருக்கிறாரா? பீப் தொடங்கிவிட்டது. ஒரு பாய்ச்சலில் போனார், கடைசி பீப்புக்கு அவர் மூக்கு ஒன்றாம் நம்பருக்கு முன்னால் இருந்தது, முதலில் பத்தில் ஒன்று, பிறகு முழு எண், உடம்புச்சூடு ஏறுவதற்குள் படித்துவிட வேண்டும். புள்ளி மூன்று. இருபத்தெட்டு. இருபத்தெட்டுப் புள்ளி மூன்று, சாதாரணம், ஊரில் உள்ள எந்த அறையிலும் இருக்கிற சூடு. எழுதினார். கட்டில் பக்கம் பார்க்காமல் திரும்பிக் கூடத்துக்கு ஓடிவந்துவிட்டார்.

கூடத்தில் இரண்டுக்கு முன்னால் வந்து நின்றார், ஆனால் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். பார்க்காத வரைக்கும் இரண்டு பதிலும் உயிரோடு இருக்கின்றன. செய்தி வாசிக்கிறவர் பெட்ரோல், பருப்பு, பள்ளி விடுமுறை என்று ஏதேதோ சொன்னார், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு ரீடிங்கைக் காக்கவைத்ததில்லை, கை மயிர் சிலிர்த்தது. கண்ணைத் திறந்தார். புள்ளி நான்கு. இருபத்தேழு. ஆக இரண்டுதான் கள்ளன். கூடத்துக்கு வந்தும் புள்ளி ஒன்பது குறைத்துக் காட்டுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், குழாய் கெட்டுப்போனதற்கு அவர் நான்கு மாதம் அறையைச் சொன்னார். முடிந்தது. எழுதிக் கோடு போட்டார், நேரம், கையெழுத்து. ரேடியோவை நிறுத்தினார், வீடு அப்படியே வாயை மூடிக்கொண்டது. அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை, சாப்பாட்டு நேரம் கழிந்து பசி செத்துப்போன வயிறுபோல இருந்தது, அவ்வளவுதான்.

இனிப் பயப்பட என்ன இருக்கிறது என்று அறைக்குப் போனார். ஐந்து மாதமாக உட்காராத அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார், அவள் சாய்ந்திருந்த அதே விளிம்பில், மெத்தை கிரீச்சென்றது. வெறும் அறை. அலமாரி, கண்ணாடி, அவளுடைய முழங்கால் தைலத்துப் போத்தல். பக்கத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம், ஒரு குழாயின் குற்றம் என்று வைக்கலாமா, தனலெட்சுமிக்கு நன்றி சொல்லவேண்டும், மகள் ராசுவுக்குத் தொலைபேசி செய்யவேண்டும், இனி மறுபடியும் மழைக்குப் போகலாம், மழையில் ஒரு வில்லங்கமும் இல்லை… என்று எவ்வளவு நேரம் இருந்தாரோ, தலைக்கு மேலே ஒன்றாம் நம்பர் தொங்கிற்று, பழக்கதோஷம், கண் போயிற்று. புள்ளி நான்கு. எழுந்து நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இருபத்தேழுப் புள்ளி நான்கு. நல்ல கருவி, கள்ளம் இல்லாத கருவி, சற்று முன் இதே ஆணியில் இருபத்தெட்டுப் புள்ளி மூன்று காட்டிய கருவி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார், ஓடவில்லை, ஓடினால் எதையோ ஒப்புக்கொண்டதுபோல ஆகும். இரண்டைப் பார்த்தார். இருபத்தெட்டுப் புள்ளி மூன்று. கெட்டுப்போன குழாய் பத்து நிமிஷத்தில் குணமாகுமா? எழுதவேண்டும் என்று பேனாவைத் தூக்கினவர், எழுதாமல் நின்றார், நிற்க நிற்க, புள்ளி மூன்று புள்ளி இரண்டாயிற்று. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் பாதரசம் ஏறவேண்டும், இறங்கக்கூடாது. புள்ளி ஒன்று. நான்கு மாதத்தில் ஒரு நாளாவது கூடத்துத் தெர்மாமீட்டர் முன்னால் இப்படி நின்றாரா அவர்? எட்டு அடிக்கும், படிப்பார், போய்விடுவார், ஒரு நிமிஷம் தங்கியதில்லை. அறையில் மட்டும்தான் கொஞ்சம் நிற்பார், கட்டிலைப் பார்ப்பார், திரைச்சீலையைப் பார்ப்பார், மெதுவாகத்தான் ஏட்டைப் பிரிப்பார். இன்றைக்கு அறையில் நிற்காமல் ஓடினார், கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்படியென்றால் அறையிலும் இல்லை, குழாயிலும் இல்லை… அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே, நின்று கொஞ்சம் பொறுத்தால், வருகிறது. முழங்கால் வலிக்காரி, வந்துசேர அவ்வளவு நேரமாகும். இருபத்தெட்டு. அவர்தான் தினமும் அவளிடம் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசி அடித்தது. இராசேஸ்வரியாகத்தான் இருக்கும், எட்டேகாலுக்குக் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தாள், போய் எடுக்க நாலே அடி. எடுக்கவில்லை. இருபத்தேழுப் புள்ளி எட்டு. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். புள்ளி ஒன்பதோடு இது நிற்பதாக நானூறு பேருக்கு எழுதியிருக்கிறார், ஆனால் அது நிற்கிற வரைக்கும் அவர் நின்று பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது, இரண்டு மூன்று நிமிஷத்தில் எண்ணை எழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் அவர். இன்னும் நின்றால் எது வரைக்கும் வரும்? தொலைபேசி அடித்து ஓய்ந்தது. சீவரத்தினம் ஏட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அசையாமல், எதையும் படிக்காமல், நின்றார்.